சுற்றுலாவும் மருந்துப் பெட்டியும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் பரிசுகளோடு திரும்பினார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், எட்டாம் வகுப்பு கொல்லிமலைக்குப் போய்வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் என்று தெரிந்தே போனோம். பள்ளியின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, காஸ் துணி, பிளாஸ்டர், கிரேப் பேண்டேஜ், கையுறை, தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பொட்டலங்கள், அளந்து கரைக்க ஒரு லிட்டர் பாட்டில் எல்லாம் இருந்தன. எங்களைப் பயமுறுத்தியது பெட்டியில் இல்லாத மாத்திரைகள்தான். ஒரு மாணவன் வீட்டில் கொடுத்தனுப்பிய வாந்தி மாத்திரையை மூன்று நண்பர்களுக்கும் பகிர்ந்திருக்கிறான். அன்பினால் செய்ததுதான். ஆனால் நால்வரும் எழுப்ப எழுப்ப அசந்து தூங்கினார்கள். கையில் இருந்ததோ மாத்திரைப் பட்டையிலிருந்து வெட்டிய துண்டு. மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. டாக்டர் கேட்டால் என்னவென்று சொல்வது?

ஆகாய கங்கை அருவியின் படிகளில் ஏறும்போது இன்னொரு பிள்ளைக்கு வீசிங். உடல்நலப் படிவத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தது. இன்ஹேலர் மேலே நின்ற பஸ்ஸில், பைக்கு அடியில் கிடந்தது. ஓர் ஆசிரியர் அத்தனை படியும் ஓடி எடுத்துவந்தார்.

சொன்னால் சுற்றுலாவில் சேர்க்க மாட்டார்களோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. மூச்சிரைப்பு, வலிப்பு, ஒவ்வாமை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். மறைத்தால்தான் ஆபத்து. அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன்: உடல்நலப் படிவத்தை முழுதாக நிரப்பாத பிள்ளை இனி பஸ் ஏற முடியாது. தெரிவிக்காமல் பையில் வைத்த மருந்தை வாங்கி வைத்துக்கொள்வோம்.

அடுத்தது வால்பாறை. மருந்தை வெட்டாத பட்டையாக, டாக்டர் சீட்டின் நகலோடு, பெயர் எழுதிய கவரில் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இன்ஹேலர் மட்டும் பிள்ளையிடமே இருக்கட்டும். இன்னொரு இன்ஹேலர் எங்கள் பெட்டிக்கு வேண்டும். அங்கே அட்டை கடிக்கும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் கடிவாய் சற்று நேரம் கசியும், பயம் வேண்டாம். ரத்தம் உறைவதில் குறைபாடுள்ள பிள்ளை என்றால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். நீளமான காலுறை இரண்டு ஜோடி வையுங்கள்.

அன்று பஸ் தாமதமானபோதும் ஒரு கடுஞ்சொல் இல்லாமல் பள்ளி வாசலில் காத்திருந்தீர்கள். மிக்க நன்றி. செவிலியரான ஒரு தாயார் இம்முறை பெட்டியைத் தானே சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. புதிய படிவம் நாளை பிள்ளைகளிடம் வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்