அக்கா, அப்பாவின் கைத்தடியை அறுத்துவிட்டேன்

அக்கா,

நேற்று சாயங்காலம் அறுத்தேன். 8 சென்டிமீட்டர். ஆக்ஸா பிளேடு விலகாமல் இருக்கக் குறித்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டேன். ஐந்து நிமிஷ வேலை. உயரமாக இருக்கிறது, வெட்டித் தா என்று நீ கேட்டாய். செய்ய நான்கு வருஷம் ஆகிவிட்டது.

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நம் சொந்தக்காரர்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. அதில் நான் எப்படி வருகிறேன் என்பதும் என் காதுக்கு வந்துவிட்டது.

உன்னைப் போலவே எனக்கும் வலது இடுப்பில்தான் வலி. யாராவது சொல்லியிருப்பார்கள். ஆபரேஷன் முடிந்து, வாக்கரிலிருந்து ஸ்டிக்குக்கு மாறிய அன்று அதை வலது கையில் வாங்கினேன். பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒன்றும் பேசாமல் பிடுங்கி இடது கையில் வைத்தாள். "வலிக்கிற காலுக்கு எதிர்க் கை சார்." எனக்குச் சுருக்கென்றது. எந்தப் பக்கம் வலிக்கிறதோ அந்தப் பக்கம்தானே முட்டுக் கொடுப்பார்கள்?

அப்படி இல்லையாம். வலது காலில் மட்டும் நிற்கிற நொடியில், இடுப்பு இடது பக்கம் சரியாமல் வலது பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. உடம்பு எடையும் அந்த இழுப்பும் சேர்ந்து அந்த ஒரு மூட்டின் மேல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறது. இடது கையில் தடி இருந்தால், மூட்டிலிருந்து தள்ளி இருப்பதால் கொஞ்சம் ஊன்றினாலே தசைக்குப் பெரிய பாரம் குறையும். தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும், நல்ல கால் பின்னால் வந்து சேர வேண்டும். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். அவர் பிடித்தது வலது கையில், ஏனென்றால் அவருக்கு வலித்தது இடது முழங்கால். நாம் அவர் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் உயரம். செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், 15, 20 டிகிரி போதும். என்னுடையது பட்டனை அழுத்தி ஏற்றி இறக்குகிற அலுமினியம். இரண்டு ஓட்டை கீழே இறக்கினாள். என் தோள் தானாக இறங்கியது. அது அவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

உன் தோள் தெரிந்தது. காதைத் தொடுகிற மாதிரி தூக்கிக்கொண்டு நீ இரண்டு வருஷம் அப்பாவின் தடியோடு நடந்தாய். தோள் வலிக்கிறது என்றாய். வயசானால் எல்லாம்தான் வலிக்கும் என்றேன்.

சரி, அந்த மாடிப்படிக்கு வருகிறேன். இறங்கும்போது மேல் படியில் நின்றுவிட்டாய். நான் இரண்டு படி கீழே, கையில் உன் பை. "நல்ல காலை முதல்ல வைக்கா" என்றேன். எங்கேயோ கேட்டிருந்தேன். அது ஏறுவதற்கான விதி என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஏறும்போது முதலில் போகிற கால்தான் உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது மேலே நிற்கிற கால் மடங்கி உடம்பை இறக்குகிறது, அதனால் தடியும் வலிக்கிற காலும் முதலில் கீழே போக வேண்டும். என் பேச்சைக் கேட்டு நீ இடது காலை வைத்தாய். மேலே நின்ற வலது கால் மடங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டாய். தடி கையை விட்டுப் போய், ஒவ்வொரு படியாக டக் டக்கென்று இறங்கி வந்தது.

நான் தடியைப் பிடித்தேன்.

அது என் பக்கம் வந்தது, நீ உட்கார்ந்த நிலையில் இருந்தாய், விழவில்லை, என் ஒரு கையில் பை இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் பிடித்த பிறகு அதில் கீறல் விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கெல்லாம் சேர்த்து இல்லை, அதற்கு மட்டும்.

ஏனென்றால் எனக்கும் உன்மேல் ஒன்று இருக்கிறது. போன மாதம் குடும்பப் படம் ஒன்று சுற்றி வந்ததே, அதில் உன்னைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலுமினிய ஸ்டிக். இடது கையில். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில். ஆக, உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்து நான் கிடந்தபோது ஒரு போன் செய்து, "டேய், இடது கையில பிடி" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. வெட்டித் தரச் சொல்லி ஒரு தடவை கேட்டாய், நான் முறைத்தேன், அத்தோடு விட்டுவிட்டாய். சின்ன வயதில் ஒரு பென்சிலுக்கு என்னிடம் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாய்! இதற்கு மட்டும் ஏன் இரண்டாம் தடவை கேட்கவில்லை?

அளவு உன் மகள் கொடுத்தாள், அவளைத் திட்டாதே. தரையிலிருந்து உன் மணிக்கட்டு வரை, நீ எப்போதும் போடுகிற செருப்போடு, 77 சென்டிமீட்டர். தடியின் அடியில் இருந்த பழைய ரப்பர் புஷ் கோடு கோடாக இருந்ததெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. ஈரத் தரையில் அதை நம்பித்தான் நீ நடந்திருக்கிறாய். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ரப்பரின் தடிமனைக் கழித்து மரத்தை அறுத்தேன். அறுத்த முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன். ரப்பர் இறுக்கமாக ஏறியிருக்கிறது, இழுத்துப் பார்த்துவிட்டேன்.

வளைந்த பிடி. ரொம்ப நேரம் ஊன்றினால் உள்ளங்கை வலிக்கும், அதனால் நடக்க அலுமினியமே வசதி என்றால் அதையே வைத்துக்கொள். இதை அடுத்த வாரம் உன் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். நானே வர வேண்டுமென்றால் சொல். உன் வீட்டுக்கு 14 படி. மெதுவாகத்தான் ஏறுவேன்.