ரேகன்ஸ்பர்க்கின் கற்பாலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பயணக் கட்டுரை ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்துத் தேவாலயத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, டான்யூப் ஆற்றின் கற்பாலத்தை 'அழகான பழைய பாலம்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. அந்த ஊரை அறிய அந்தப் பாலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1135இல் தொடங்கி 1146இல் கட்டி முடித்தார்கள். அந்த 1135 கோடையில் ஆற்றில் நீர் வற்றிக் கிடந்தது அடித்தளம் போட வசதியாயிற்று. வளைவுகள் 16. நகரப் பக்கத்தில் ஒன்று பிற்காலக் கட்டுமானத்துக்குள் மறைந்துபோனதால், எண்ணினால் 15தான் வரும். வெள்ளம் தூணின் அடியை அரிக்காமலிருக்க ஒவ்வொரு தூணையும் சுற்றிப் படகு வடிவில் ஒரு சிறு தீவு எழுப்பினார்கள். பாலத்தைக் காத்ததும் இந்தத் தீவுகள்தான், படகோட்டிகளைப் படாதபாடு படுத்தியதும் இவைதான். வழி குறுகுவதால் நீர் மேல்பக்கம் தேங்கி, வளைவுக்குள் வேகமெடுத்து, மறுபக்கம் சுழலாக வெளிவருகிறது. பாலத்தின் மேல் நின்றால் இன்றும் அந்தச் சுழல்களைப் பார்க்கலாம். பெரிய சரக்குக் கப்பல்கள் இதற்குள் நுழைவதில்லை. வடக்கே வெட்டிய கால்வாயில் சுற்றிப் போகின்றன.

'போரில் கீறல்கூட விழாத நகரம்' என்று எழுதியிருப்பதும் சரியல்ல. பழைய நகரின் பெரும்பகுதி தப்பியது உண்மை. ஆனால் 1945 ஏப்ரல் 23 அன்று, அமெரிக்கப் படை ஆற்றைக் கடந்துவிடக் கூடாதென்று ஜெர்மன் படையினரே பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். முழுமையாகச் சீராக 1967 ஆயிற்று.

பிறகு வந்த சேதம் மெதுவானது. குளிர்காலத்தில் சாலையில் தூவிய உப்பு, உருகிய பனிநீரோடு கல்லுக்குள் இறங்கியது. உள்ளே போன நீர் உறையும்போது விரிந்து கல்லைப் பிளந்தது. 1997இல் கார்களை நிறுத்தினார்கள், 2008இல் பேருந்துகளையும். 2010 முதல் 2018 வரை பழுதுபார்த்து, நடைதளத்தின் அடியில் நீர் இறங்காத அடுக்கு போட்டார்கள். எட்டு ஆண்டு மிகையல்ல, கல் கல்லாகப் பார்க்க வேண்டிய வேலை அது.

இத்தனை பழைய வீடுகள் எப்படி மிஞ்சின என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. இடைக்காலத்தின் பிற்பகுதியில் வணிகம் நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க் நகரங்களுக்கு நகர்ந்துவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்ட இங்கே பணமில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு செய்தி. கி.பி. 179இல் முடிந்த ரோமானியப் படை முகாமின் வடவாயில், தேவாலயத்துக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள தெருவில், பிற்காலச் சுவர் ஒன்றில் பதிந்தபடி நிற்கிறது. கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவது எளிது. பாலத்தின் வடமுனையில் இருக்கும் ஸ்டட்டாம்ஹோஃப் 1924 வரை தனி ஊர். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் அதையும் பழைய நகரோடு சேர்த்தே அறிவித்தார்கள். கட்டுரையாளர் தென்கரையோடு திரும்பிவிட்டார் போலிருக்கிறது. கோபுரங்களும் பாலமும் ஒரே பார்வையில் கிடைப்பது வடகரையிலிருந்துதான்.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை