ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சந்தா பாக்கியைப் பொருளாளர் வாசிப்பார். நான் வாயைத் திறக்கவில்லை.

இவ்வாண்டின் பெரிய வேலை தரங்கம்பாடிப் பயணம். மதுரையில் இருந்துகொண்டு கீழடியும் மகாலும் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு கடலோர அருங்காட்சியகத்தைக் காட்டலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. நாள் குறித்தவன் நான்: வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளிதான் வார விடுமுறை என்பது பூட்டைப் பார்த்த பிறகே தெரிந்தது. மறுநாள் பார்ப்பதற்காக இரவு தங்கிய அறை வாடகை கணக்கில் ஏறியிருக்கிறது. தப்பு என்னுடையது.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ் தளபதி ஓவே கெட்டே 1620-இல் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டைதான் அந்த அருங்காட்சியகம். 1636-இல் எழுந்த நம் திருமலை நாயக்கர் மகாலுக்கு மூத்தது. மகால் அண்ணாந்து பார்க்கக் கட்டியது; டேன்ஸ்போர்க் சரக்கைக் காக்கக் கட்டியது. கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட கிட்டங்கிகளும் சிறையும். மாடியில் ஆளுநர், பாதிரியார், வணிகர் குடியிருப்பு. 1845-இல் தரங்கம்பாடியை, வங்காளத்தில் டேனியர் வைத்திருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் கொஞ்ச காலம் பயணியர் மாளிகை. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

சீனத் தேயிலைச் சாடி, வாள், பீரங்கிக் குண்டு எல்லாம் உண்டு. கூட்டம் நின்றது என்னவோ திமிங்கில எலும்பின் முன்னால்தான். நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற கொத்தனார், எதையும் பார்க்கவில்லை. கீழறைச் சுவரையே தடவிக்கொண்டிருந்தார். உப்பு பூத்து, பூச்சு அங்கங்கே உப்பியிருந்தது. “கடக்காத்து, அப்பளமா பொரிஞ்சிருக்கு பாருங்க. இதுல சிமெண்டைப் பூசினா ஈரம் உள்ளேயே கெடந்து செங்கலை அரிச்சுரும். சுண்ணாம்புதான்யா மூச்சு விடும்” என்றார். வழிகாட்டி இருந்திருந்தால்கூட இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பிறகு கடலோரமாகவே நடந்து மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனோம். 1306 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதாவது நம்ம ஊர் ராஜா. பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனிஷ் கோட்டையைப் பழுதுபார்க்க டென்மார்க்கிலிருந்து ஆள் வந்தார்கள். பாண்டியன் கோயிலைப் பார்க்க மதுரையிலிருந்து நாம் போனது இதுதான் முதல் தடவை, அதுவும் கோட்டை பார்க்கப் போன இடத்தில்.

பழைய கோயிலில் எஞ்சியிருப்பதை, உரிய அனுமதி பெற்று, படமெடுத்து அளந்து வைக்க அடுத்த ஆண்டு மறுபடி போகவேண்டும் என்று தீர்மானம் வைத்திருக்கிறேன். கொத்தனார் ஐயா வருவதாகச் சொல்லிவிட்டார். பயண நாளைத் தலைவர் குறிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்