அந்த ரத்தக் கல்ச்சரைத் தூக்கிப் போடாத பெண்ணுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், உறவுகளுக்கும், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எட்டாம் மாதத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த மகளும், குறைமாதத்தில் பிறந்த பேரனும் நேற்று வீடு வந்து சேர்ந்தார்கள். லிஸ்டீரியா என்ற கிருமிதான் இப்படிப் பாடுபடுத்தியது. கார் அய்யம்பேட்டையைத் தாண்டியதும்தான் எனக்கு மூச்சு சீரானது. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள். அதையெல்லாம் மறுபடி எழுத எனக்கு மனசு வரவில்லை. நன்றி சொல்ல மட்டுமே இதை எழுதுகிறேன்.

நடவு ஆட்களை வயலில் விட்டுவிட்டு நடுமதியத்தில் காரை எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பி, கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் கொடுக்க வந்து நின்ற என் பழைய மாணவர்கள், மகளையும் பேரனையும் தங்கள் வீட்டுப் பிள்ளைகள்போல் பார்த்துக்கொண்ட டாக்டர்கள், பச்சிளங்குழந்தைப் பிரிவு நர்ஸ் பெண்கள், வேளை தவறாமல் கஞ்சியும் இட்லியும் அனுப்பிய கோடி வீட்டு மாமி, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்த சம்பந்தியம்மாள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண். என் மகளை விடச் சின்னவள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு முதல் நாள் ராத்திரியே ரத்தம் எடுத்திருந்தார்கள். பாட்டிலில் ஏதோ வளர்கிறது என்று மிஷின் சத்தம் கொடுத்திருக்கிறது. அந்தப் பெண் அதில் ஒரு சொட்டு எடுத்து, பாக்டீரியாக்களை நிறத்தால் பிரித்துக் காட்டும் கிராம் சாயம் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிக் கோல்கள். நம் தோலின் மேலேயே இப்படிக் கோல் வடிவத்தில் சாதுவான பாக்டீரியாக்கள் உண்டு. ஊசி குத்தும்போது அவையும் பாட்டிலுக்குள் போய்விடுவது லேபில் சகஜம். 'கன்டாமினேஷன்' என்று ஒரு வார்த்தை எழுதித் தூக்கிப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவள் எழுதவில்லை. லேப் சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். 'கர்ப்பிணி, எட்டாம் மாதம், காய்ச்சல், முதுகுவலி' என்று இருந்திருக்கிறது. "அந்த ஒரு வரிதாம்மா என்னை நிறுத்துச்சு" என்று பிறகு சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததை ஓர் ஆசிரியையாக நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிருமி வளர்க்கும் டியூபை வழக்கம்போல் 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்காமல், ஒன்றை ஏ.சி. ஓடும் அறையில் மேஜை மேலேயே விட்டாள். கர்ப்பிணிகளைத் தாக்கும், இதே ஊதாக் கோல் உருவமுள்ள லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். அந்தப் பாக்டீரியாவுக்கு ஒரு குணம் உண்டு. உடம்புச் சூட்டில் அது நீந்தும் இழைகளை அநேகமாக வளர்ப்பதில்லை. 25 டிகிரி வாக்கில் வளர்க்கும். தோலில் இருக்கும் அந்தச் சாதுக் கோல்களோ எந்தச் சூட்டிலும் நீந்துவதில்லை. ஆகவே குளிர்ந்த அறையில் சில மணி நேரம் வைத்துப் பார்த்தால் இது எது என்று தெரிந்துவிடும். டூட்டி முடிந்தது. கடைசி பஸ்ஸும் போயிற்று. அண்ணனை பைக் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தாள்.

டாக்டர் தியேட்டரில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. படியேறி மேலே வந்தாள். தியேட்டர் வாசலில் நின்று, டாக்டர் வெளியே வந்ததும் சொல்லிவிட்டாள். அந்த ராத்திரியே மருந்து மாறியது. அதுவரை போட்டது செபலோஸ்போரின் வகை. காய்ச்சலோடு வரும் நோயாளிகள் பலருக்கும் அதைத்தான் முதலில் ஆரம்பிக்கிறார்கள், அதில் யார் தப்பும் இல்லை. லிஸ்டீரியாவிடம் மட்டும் அது பலிப்பதில்லை. ஆம்பிசிலின் பலிக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். எவ்வளவோ பழைய, விலை குறைந்த மருந்து. கல்ச்சரின் முழு ரிப்போர்ட் வர மறுநாளுக்கு மேல் ஆனது. அதற்குள் மகளுக்கு எத்தனை வேளை ஆம்பிசிலின் உள்ளே போயிருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

டாக்டரிடம் சொல்லி முடித்தவள் நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்திருப்பாள் போல. பக்கத்தில் வந்து, "நீங்க ஜூவாலஜி டீச்சரா இருந்தீங்களாமே. ஒரு நிமிஷம் வந்து பாக்கறீங்களாம்மா?" என்றாள்.

போனேன். குழி வெட்டிய கண்ணாடிச் சில்லு, விளிம்பில் வாஸலைன் பூசிக் கவிழ்த்த கவர்ஸ்லிப், அதில் தொங்கும் ஒரு சொட்டு. பிராக்டிகல் அறையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே செய்து காட்டியதுதான். குனிந்து பார்த்தேன். சின்னக் கோல் ஒன்று சும்மா இருந்தது. சட்டென்று குட்டிக்கரணம் போட்டது. கொஞ்ச தூரம் ஓடி, நின்று, மறுபடி தலைகீழாகப் புரண்டது. கண் பழகியதும் சொட்டு முழுக்க அப்படியே தெரிந்தது.

"பாத்துட்டீங்கல்ல? இதாம்மா அது. இதுக்கு மருந்து இருக்கு. இப்ப ஏறிக்கிட்டிருக்கு" என்றாள். என் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, பிறகு வைத்தாள்.

அத்தனை பேர் அத்தனை விதமாகத் தைரியம் சொல்லியிருந்தீர்கள். எதுவும் எனக்குள் இறங்கவில்லை. இது இறங்கியது. என்னவென்றே தெரியாத ஒன்று பிள்ளையைத் தின்கிறது என்ற நினைப்புதான் என்னை உருக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் இருக்கிறது, உருவம் இருக்கிறது, மருந்து இருக்கிறது என்று ஆனதும் அழ முடிந்தது. அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, நான் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தாள். அண்ணன் கீழே பைக்கோடு காத்திருந்தார்.

அதன்பின் ஆஸ்பத்திரியில் கண் விழித்த ராத்திரிகளில் இந்தக் கிருமியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1924-இல் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுக்கூடத்து முயல்கள் செத்து விழுந்தபோது முதலில் பிடிபட்டிருக்கிறது. அறுவை சிகிச்சையில் கிருமியொழிப்பைக் கொண்டுவந்த டாக்டர் ஜோசப் லிஸ்டரின் நினைவாக வைத்த பெயர். இது சாப்பாட்டின் வழியாகப் பரவுகிறது என்பதே 1981-இல் கனடாவில் பச்சை முட்டைக்கோஸ் சாலட் தின்றவர்கள் வரிசையாக நோயில் விழுந்தபோதுதான் உறுதிப்பட்டது. 2017-18-இல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தாக்கியது. இருநூறுக்கும் மேல் இறந்தார்கள்.

அது செல்லுக்குள் நுழையும் விதத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறக்க முடிந்தது. கிருமியின் மேல் இன்டர்னலின் ஏ என்று ஒரு புரதம் இருக்கிறது. நம் குடல் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வைத்திருக்கும் ஈ-கேடெரின் என்ற புரதத்தை அது பற்றிக்கொள்கிறது. பற்றியதும் செல் தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கோஸார் என்ற அம்மையாரின் குழு 1991-இல் இன்டர்னலினையும், 1996-இல் அது ஈ-கேடெரினைப் பற்றுவதையும் கண்டுபிடித்தது. சுண்டெலியின் ஈ-கேடெரினில் 16-ஆம் இடத்து அமினோ அமிலம் வேறு. அதனால் எலியிடம் இந்தப் பிடி நிற்பதில்லை. மனிதனிடம் நிற்கிறது.

உள்ளே போனதும் ஒரு பைக்குள் அடைபடுகிறது. லிஸ்டீரியோலைசின் என்ற நச்சால் பையில் துளை போட்டு வெளியே வருகிறது. பிறகு செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் என்ற புரதத்தையே தன் பின்பக்கம் இழையிழையாகக் கட்டவைத்து, அந்த உந்துதலில் போய்ச் சுவரில் முட்டி, அடுத்த செல்லுக்குள் புகுந்துவிடுகிறது. தெருவில் கால் வைக்காமல் கொல்லைச் சுவர் ஏறி ஏறியே வரிசை வீடு முழுக்கப் போய்விடும் திருடனைப்போல. ரத்தத்தில் சுற்றும் நோயெதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியால் அதைப் பார்க்கவே முடிவதில்லை. பாதிக்கப்பட்ட செல்லையே அடையாளம் கண்டு அழிக்கும் டி-செல்கள்தான் வேண்டும். கர்ப்ப காலத்தில், பிள்ளையை அந்நியமாகப் பார்க்காமலிருக்க, அந்தக் காவல் நஞ்சுக்கொடியில் தணிந்திருக்கிறது. அங்குள்ள செல்களிலும் ஈ-கேடெரின் உண்டு. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும் ஒன்று பிள்ளையை இப்படிப் போட்டு அடிப்பது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒன்றை மட்டும் உரிமையோடு கேட்கிறேன். வளைகாப்புச் சாப்பாடுதான் காரணம் என்றும், சம்பந்தி வீட்டுப் பால்தான் என்றும் பேச்சு வருகிறது. தயவுசெய்து விடுங்கள். இந்தக் கிருமி உள்ளே போனபின் சில நாளிலும் நோயைக் காட்டும், எழுபது நாள் வரையும் காட்டாமல் இருக்கும். மண்ணில் இருக்கிறது, சாணத்தில் இருக்கிறது, ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகுகிறது. எங்கிருந்து வந்தது என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. வளைகாப்புக்குச் சமைத்தவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கண்ணீர் விட்டார். அவர் கைச் சமையலைத்தான் பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளிலும் நாங்கள் சாப்பிடப் போகிறோம்.

என் பங்குக்கு ஒன்றைச் செய்வதென்று முடிவு செய்திருக்கிறேன். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் செக்கப் நாளில் இனி நானும் போய் உட்காருவேன். செவிலியரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடி, ஃபிரிட்ஜில் வைத்த குழம்பை ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிடு, பச்சையாகத் தின்னும் காயை நன்றாகக் கழுவு, குறைமாதத்தில் கன்று வீசிய மாட்டின் பக்கம் போகாதே, காய்ச்சல் வந்தால் மாத்திரையை முழுங்கிவிட்டுப் படுத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போ. ஒவ்வொரு பெண்ணிடமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்த ராத்திரியைச் சொல்வேன்.

பேரனைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். குறைமாதப் பிள்ளை என்பதால் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் வைக்கும் நாள் குறித்ததும் சொல்லி அனுப்புகிறேன். வந்தால் திண்ணையோரம் தண்ணீரும் சோப்பும் இருக்கும், கை கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

நன்றியுடன்,
பாபநாசத்திலிருந்து உங்கள் டீச்சர்