செரெங்கெட்டி சஃபாரியில் நேர்ந்த விதிமீறல் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: மாரா ஆற்றங்கரையில் தங்கள் வண்டி விலங்குகளின் வழியை மறித்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நானும் என் மனைவியும் கடந்த ஆகஸ்ட் மாதம் தங்கள் நிறுவனத்தின் வழியாகத் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்கு ஆறு நாள் பயணம் சென்றிருந்தோம். அதன் ஐந்தாம் நாள் மாலை நடந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பூங்காவின் வடகோடியிலுள்ள கோகடெண்டே பகுதியில், மாரா ஆற்றின் தென்கரையில், ஆயிரக்கணக்கான வில்டபீஸ்ட்டுகளும் (மாடு போன்ற பெரிய மான் வகை) அவற்றிடையே வரிக்குதிரைகளும் ஆற்றைக் கடக்கத் திரண்டு, நீரருகே வருவதும் பின்வாங்குவதுமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் தயங்கி நின்றன. முதல் விலங்கு இறங்கும்வரை மந்தை துணியாது என்பதால், அதுவரை வண்டிகள் கரையிலிருந்து தள்ளி நின்று பொறுத்திருக்க வேண்டும் என்று எங்கள் ஓட்டுநரே முன்பு விளக்கியிருந்தார். ஆனால் முதல் விலங்கு நீரில் கால் வைத்த கணத்தில், காத்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் கரையை நோக்கிப் பாய்ந்தன; எங்கள் வண்டியும் பாதையை விட்டு விலகிப் புல்வெளி மீது ஓடி, மந்தை இறங்கிக்கொண்டிருந்த சரிவின் வாயிலேயே போய் நின்றது. பின்னால் வந்த விலங்குகள் மிரண்டு சிதறின. சில திரும்பி ஓடின; சில செங்குத்தான கரையிலிருந்து ஆற்றில் குதித்தன. கூட்டத்திலிருந்து பிரிந்த ஒரு கன்று எங்கள் வண்டியருகே அலைந்து கத்திக்கொண்டே இருந்தது. இக்கன்றுகள் பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டித் தெற்குச் சமவெளியில் பிறப்பவை. அவ்வளவு தூரம் நடந்து வந்த அதனை, நாங்கள் பணம் கொடுத்து ஏறிய வண்டி தடுத்து நின்றதை எங்களால் மறக்க முடியவில்லை.

செரெங்கெட்டிப் பூங்காவுக்குள் பாதையை விட்டு விலகி ஓட்டுவது விதிக்குப் புறம்பானது என்பது தாங்கள் அறியாததல்ல. ஓட்டுநரிடம் கேட்டபோது, விருந்தினர் ஆற்றுக் கடப்பைக் காணாமல் திரும்பினால் அலுவலகத்துக்குத் தாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். தங்கள் விளம்பரக் கையேட்டில் அக்காட்சி “உறுதி” என்று அச்சிடப்பட்டிருக்கிறது. மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து நகரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் எந்த நாளில், எந்தத் துறையில் இறங்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. இயலாத ஒன்றைத் தாங்கள் விற்றதனால்தான், அதை எப்படியாவது காட்டியாக வேண்டிய நெருக்கடி அவர் தலையில் விழுந்தது.

இதோடு, கோகடெண்டேயில் இரண்டு இரவுகளுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு, நான்காம் இரவு முன்னறிவிப்பின்றி எங்களைப் பூங்காவின் நடுப்பகுதியான செரோனெராவிலேயே தங்கவைத்தீர்கள். ஆற்றங்கரையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிற்பகல் என்றானதும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம்.

ஆகவே, அந்த ஓர் இரவுக்கான கட்டண வேறுபாட்டைத் திருப்பித் தரும்படியும், கையேட்டிலிருந்து “உறுதி” என்ற சொல்லை நீக்கும்படியும், கரையிலிருந்து விலகி நிற்கும் ஓட்டுநருக்குக் கேள்வி எழாது என்று எழுத்துப்பூர்வமாக அறிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஓட்டுநர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம். மற்ற நாட்களில் அவர் விலங்குகளிடம் காட்டிய மரியாதையை நாங்கள் நேரில் பார்த்தோம். நான் எடுத்த புகைப்படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிடில், அவற்றைத் தான்சானியா தேசியப் பூங்காக்கள் ஆணையத்துக்கு அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்