எலியில் பார்த்ததை எலியில் என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு மருந்தான கழற்சிக்காய் சினைப்பை நீர்க்கட்டியை (பிசிஓஎஸ்) கரைப்பது ஆய்வில் உறுதியாகிவிட்டது என்று சில நாட்களுக்கு முன் உங்கள் பேப்பரில் பெரிதாகச் செய்தி வந்தது. ஆய்வு நடந்தது எலிகளில். அது தலைப்பில் இல்லை, கடைசிப் பத்தியில் ஒரு வரியாக இருந்தது. நான் அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எம்.பார்ம் படித்தபோது இதே மாதிரி எலி ஆய்வு செய்தவள், அதனால் இதைச் சும்மா விட மனசு வரவில்லை. அந்தச் செய்திக்கு அப்புறம் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள், "எக்கா, இனி மெட்பார்மின் வேண்டாம்லா, கழற்சிப் பொடி போதும்லா" என்று கேட்கிறார்கள். ஒரு பிள்ளை, இந்தக் கோளாறுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்பார்மின் மாத்திரையை அவரிடம் கேட்காமலே நிறுத்திவிட்டது.

எலிக்கு இந்த நோய் எப்படி வருகிறது என்று வாசகர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? நாம்தான் வரவைக்கிறோம். நம் கல்லூரிகளில் அதிகம் நடப்பது லெட்ரோசோல் என்ற மருந்தைக் கொடுக்கிற முறை. வளர்ந்த பெண் எலிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் 21 நாள் வாய்வழியாகக் கொடுப்பார்கள். ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிற அரோமடேஸ் என்ற நொதியை இந்த மருந்து அடைத்துவிடும். ஆண் ஹார்மோன் தேங்கும், கருமுட்டை வெளியேறுவது நிற்கும், சினைப்பையில் நீர் கோத்த பைகள் உருவாகும். தினமும் காலையில் எலியின் பிறப்புறுப்பில் டிராப்பரால் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, அதையே உறிஞ்சி ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நல்ல எலிக்கு நாலைந்து நாளில் ஒரு சுழற்சி முடிந்துவிடும்: முதலில் உருண்டையான செல்கள், அப்புறம் காய்ந்த சருகு மாதிரித் தட்டையானவை, அப்புறம் வெள்ளையணுக்கள். மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் இந்த மாற்றம் நின்றுபோய் நாளும் பொழுதும் வெள்ளையணுக்களே தெரியும். நோய் வந்துவிட்டது என்று நோட்டில் எழுதிக்கொண்டு, அதன் பிறகுதான் மூலிகைச் சாறு கொடுக்க ஆரம்பிப்போம்.

நம் பெண்களுக்கு வருவது இந்த வழியில் அல்ல. யாரும் அவர்களுக்கு அரோமடேஸை அடைக்கவில்லை. லெட்ரோசோல் கொடுத்த எலிக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, பெண்களுக்குப் பொதுவாக அப்படிக் குறைவதில்லை. எலிக்கு மாதவிடாயே கிடையாது. அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போய்க் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகிற ஆபத்தை, பிற்காலத்தில் புற்றுநோய்வரை போகக்கூடிய ஆபத்தை, எலியில் சரியாகப் பார்க்க முடியாது. அளவு விஷயமும் இருக்கிறது. எலிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தார்களோ அதை அப்படியே நம் எடையால் பெருக்கக் கூடாது, உடல் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் வரும். செய்தியைப் படித்துவிட்டு டவுன் ரதவீதியில் நாட்டு மருந்து வாங்கி ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்வது?

இன்னொரு குழப்பமும் வருகிறது. இதே லெட்ரோசோலைக் குழந்தைக்காகக் காத்திருக்கும் நீர்க்கட்டிப் பெண்களுக்கு டாக்டர்கள் எழுதுகிறார்கள். "எலிக்கு நோயைக் கொடுக்கிற மாத்திரையையா என் மருமகளுக்குத் தாறீக" என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்கள். மாதவிடாய் வந்த முதல் சில நாட்களில் ஐந்து நாள் மட்டும் கொடுத்தால் ஈஸ்ட்ரோஜன் கொஞ்ச நேரம் இறங்கும், மூளை அதைக் கவனித்து முட்டையை வளர்க்கிற எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைக் கூட்டும், முட்டை முதிரும். 2014-ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வில், இதற்கே முன்பிருந்து கொடுத்துவந்த குளோமிபீன் மாத்திரையைவிட இதில் குழந்தைப் பேறு அதிகம் என்று தெரிந்தது. அது பெண்களிடம் நடந்த ஆய்வு. அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க ரொம்ப நேரமானது.

விலங்கு ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆண் ஹார்மோன் ஊசி போட்டுப் பார்க்க முடியுமா? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வசந்தா பத்மநாபன் குழு சினைச் செம்மறி ஆட்டுக்கு, ஐந்து மாதச் சினையில் 30-ம் நாளிலிருந்து 90-ம் நாள்வரை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தது. பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபோது சினைப்பைக் கட்டிகளும் இன்சுலின் கோளாறும் இருந்தன. அதே நாட்டின் விஸ்கான்சினில் ரீசஸ் குரங்குகளிலும் இப்படியே. குரங்குக்கு நம்மைப் போல மாதவிடாய் உண்டு, ஆடு ஒன்றிரண்டு குட்டிதான் போடும், அதனால் எலியைவிட நமக்கு நெருக்கம். 2018-ல் பிரான்சின் லில் நகரத்து ஆய்வாளர்கள் சினைச் சுண்டெலிகளுக்கு, சினைப்பையில் சுரக்கிற ஏஎம்ஹெச் ஹார்மோனை அதிகமாகக் கொடுத்து, கோளாறு பெண் குட்டிகளுக்கும் போவதைக் காட்டினார்கள். நோய் கருவறையிலேயே தொடங்கலாம் என்ற சிந்தனைக்கு இவையெல்லாம் பெரிய பலம். "வாயைக் கட்டாம தின்னு கெட்டுப்போச்சு" என்று மகளைத் திட்டுகிற எத்தனையோ தாய்மார் என் கடைக்கு வருகிறார்கள், அவர்கள் படிக்க வேண்டிய செய்தி இது. இதை ஏன் யாரும் முதல் பக்கத்தில் போடுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் 6 முதல் 13 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேர் படிக்கிற விஷயம் என்பதால் கேட்கிறேன்: எந்த விலங்கு, நோயை எப்படி வரவைத்தார்கள், பெண்களிடம் சோதித்தார்களா என்பதைத் தலைப்பிலோ முதல் பத்தியிலோ எழுதுங்கள். மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கிற ஆய்வு, அதற்கான இந்தியப் பதிவேட்டில் (CTRI) பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் நிருபர் இணையத்தில் நிமிடத்தில் பார்த்துவிடலாம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்குள்ள மருத்துவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதலாம். கழற்சிக்காய்க்கு நான் எதிரி இல்லை, அது பெண்களுக்கு உதவுமானால் என் கடையிலேயே வாங்கி வைப்பேன்.

முதலில் அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். மாத்திரையை நிறுத்தியவர்கள் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அதில் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர், உங்கள் வாசகி
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்