பறவை பார்க்கக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் குழப்பிய சுற்றுலா: கட்டண மீளளிப்புக் கோரும் புகார்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த தை மாதம் உங்கள் நிறுவனம் நடத்திய பறவை பார்க்கும் சுற்றுலாவில் நானும் என் பெற்றோரும் தங்கச்சியும் கலந்துகொண்டோம். மன்னார், சிங்கராஜா, புந்தல, ஹோர்ட்டன் சமவெளி என்று நாட்டின் நான்கு வேறுபட்ட நிலங்களை நிபுணர் ஒருவருடன் பார்ப்பது என்றுதான் பேச்சு. முழுக் கட்டணத்தையும் புறப்பட முன்னரே செலுத்தினோம். திரும்பி வந்ததும் தொலைபேசியில் எங்கள் குறைகளைச் சொன்னேன். "அடுத்த குழுவுக்குக் கவனித்துக்கொள்கிறோம்" என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பதில் எனக்குப் போதாது. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

அறையிலும் சாப்பாட்டிலும் ஒரு குறையும் இல்லை. சாரதி அண்ணை அம்மாவை மலைப்பாதையில் தலைசுற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். என் முறைப்பாடு பறவைகளைப் பற்றியது.

அப்பா ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். மண்டைதீவு, அராலி, தொண்டைமானாறு என்று பின்னேரங்களில் சைக்கிளில் போய் உள்ளான்களையும் ஆலாக்களையும் பார்த்துக் கொப்பியில் குறித்துவைப்பவர். எங்கள் பக்கத்துப் பறவைகள் அவருக்கு நல்ல பழக்கம். ஆனால் இலங்கைக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை தெற்கின் ஈரக்காடுகளிலும் மலைநாட்டிலும் வாழ்பவை. அவற்றை அப்பா படங்களில் மட்டுமே கண்டிருந்தார். யுத்த காலத்தில் பறவை பார்க்கவென்று அந்தப் பக்கம் போவதை யார் நினைத்தார்கள்? வயது எழுபதைத் தாண்டிய பிறகு கிடைத்த இந்த வாய்ப்பைத்தான் உங்களை நம்பித் தந்தோம்.

மன்னாரில் தொடங்குகிறேன். வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். வட ஆசியாவிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்துகள் அங்கே மாரிகாலத்தைக் கழிக்கின்றன. நாங்கள் போன காலை கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பூநாரைகள் பெரிய கூட்டமாக நின்றன. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து, சேற்றுநீரை வடித்து மேய்ந்துகொண்டிருந்தன. ஸ்கோப் என்ற தொலைநோக்கியில் பார்த்தால் அலகோரத்தில் நீர் நடுங்குவதுகூடத் தெரிந்தது. அம்மா கண்ணை எடுக்கவே இல்லை.

அந்த நேரத்தில் உங்கள் வழிகாட்டியின் உதவியாளர் வாகனத்திலிருந்து ஒரு ட்ரோனை எடுத்து மேலே விட்டார். நேரே கூட்டத்தின் தலைக்கு மேலே. முதலில் கழுத்துகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. பிறகு முழுக் கூட்டமும் ஓடி எழும்பியது. வாத்துகளும் எழும்பின. "இப்ப எடுங்கோ, இறக்கைச் சிவப்பு வடிவாகத் தெரியும்" என்று உதவியாளர் கத்தினார். கூட்டம் சுற்றி வந்து இறங்கப் பார்த்தபோது ட்ரோன் மறுபடியும் போனது. அதற்குப் பிறகு அவை அந்தப் பக்கம் இறங்கவில்லை. சரணாலயத்தில் இதற்கு அனுமதி எடுத்தீர்களா என்று அப்பா கேட்டார். "எல்லாரும் விடுகிறவைதானே" என்பதுதான் பதில்.

வலசைப் பறவைக்கு இரை எடுக்கிற ஒவ்வொரு மணிநேரமும் திரும்பிப் போகிற பயணத்துக்கான பலம். அதைக் கலைத்து எடுக்கிற படத்துக்காக நாங்கள் காசு கட்டவில்லை. உங்கள் விளம்பரத்தின் முகப்பில் பூநாரைக் கூட்டம் ஒன்று பறக்கிற படம் இருக்கிறது. அது எப்படி எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சிங்கராஜாவில் நடந்தது அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. குடாவ வாசலுக்குப் பக்கத்தில் தங்குவோம் என்று சொல்லியிருந்தீர்கள். இரத்தினபுரியில் அறை எடுத்திருந்தீர்கள். அங்கேயிருந்து கலவானை வழியாகக் காட்டு வாசலுக்கு வந்துசேரக் காலை பத்து மணி. மழைக்காட்டில் பறவைகள் விடிந்ததும் சுறுசுறுப்பாக இருக்கும், வெயில் ஏற அடங்கிவிடும். பறவை வழிகாட்டிக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. சிங்கராஜாவின் சிறப்பே பல இனங்கள் ஒன்றாக இரை தேடித் திரிகிற கலப்புக் கூட்டம்தான். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் இலைகளைக் கிளறிக்கொண்டு போக, கொண்டைக் கரிச்சான் காவலுக்கு நின்று குரல் கொடுக்க, மற்றவை பின்னால் வரும். வனத் திணைக்களத்தின் உள்ளூர் வழிகாட்டி எங்களைக் கண்டதும் முதலில் சொன்னது, ஆறு மணிக்கு வந்திருந்தால் கூட்டத்தை வாசலிலேயே காட்டியிருப்பேன் என்பதுதான்.

அவர்தான் அன்றைய நாளைக் காப்பாற்றினார். பாதையோரப் புதருக்குள் குனிந்து விரலைக் காட்டினார். எங்களுக்குக் காய்ந்த இலைகள் மட்டும்தான் தெரிந்தன. கன நேரம் பார்த்த பிறகு இலைகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு தூங்கும் இரண்டு தவளைவாயன் என்ற இரவுப் பறவைகள் தெரிந்தன. ஒன்று சாம்பல், மற்றது செம்பழுப்பு. அகன்ற வாயைச் சுற்றி மெல்லிய மயிர்கள். அவர் சத்தமே போடவில்லை, எங்களையும் கிட்டப் போக விடவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் வழிகாட்டி நீல வால்காக்கையைக் காட்டுவதாகச் சொல்லிக் கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு, சின்ன ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். தை மாதம் அதன் கூடுகட்டும் காலம். பதிவுக் குரலைக் கேட்டால் தன் இடத்துக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று கூட்டை விட்டு வரும். உலகளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் உள்ள பறவை அது. உள்ளூர் வழிகாட்டி நிறுத்தச் சொன்னார். உங்கள் ஆள் கேட்கவில்லை. கடைசியில் அப்பா போய் ஒலிபெருக்கியைக் கையால் மூடினார்.

துண்டுப்பிரசுரத்தில் இருந்த மாலை நடையும் நடக்கவில்லை. 2001 இல்தான் கண்ணுக்கு அகப்பட்டு, 2004 இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட செரண்டிப் ஆந்தை என்ற சின்னச் செம்பழுப்பு ஆந்தையின் குரலையாவது கேட்கலாம் என்று அப்பா ஆவலாக இருந்தார். அறை தூரம் என்று இருட்ட முன்னரே வாகனத்தில் ஏற்றிவிட்டீர்கள்.

புந்தலவில் மயில், முதலை, கூழைக்கடா எல்லாம் கண்டோம். அது சரி. ஆனால் "ஆயிரக்கணக்கான பூநாரைகள்" என்று பிரசுரத்தில் இன்னும் போட்டிருக்கிறீர்கள். நீர்ப்பாசன நீர் வந்து கலந்ததால் அங்குள்ள களப்புகளின் உப்புத்தன்மை குறைந்து, பூநாரைகள் பெருங்கூட்டமாக வருவது எப்போதோ குறைந்துபோய்விட்டது. இதைத் தெரிந்த நிறுவனம் அந்த வரியை எடுத்திருக்க வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளிக்குக் காரணமே சீகாரப் பூங்குருவி. ஆண் பறவையின் தோளில் மின்னும் நீலத்தைக் காண வேண்டுமானால் அரெங்காக் குளத்தடியில் விடியும் நேரத்தில் நிற்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் அது புதருக்குள் போய்விடும். குளிர் என்று அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி, முதல்நாள் இரவே தேத்தண்ணீரைக்கூடப் போத்தலில் ஊற்றி ஆயத்தமாக இருந்தோம். நுவரெலியா விடுதியில் காலைச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான், அது கட்டணத்தில் அடக்கம், விட்டுவிட்டுப் போக முடியாது என்று உங்கள் வழிகாட்டி சொன்னார். நாங்கள் குளத்தடிக்குப் போனபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பறவை இல்லை.

பயணம் முடியும்போது கண்ட பறவைகளின் பட்டியல் என்று ஒரு தாளைத் தந்து கையெழுத்துக் கேட்டார்கள். அதில் சீகாரப் பூங்குருவிக்கு நேரே சரி போட்டிருந்தது. செம்முகப் பூங்குயிலுக்கும் போட்டிருந்தது. இரண்டையும் எங்களில் ஒருவரும் காணவில்லை. அப்பா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு "கண்டதை மட்டும் எழுது" என்று சொல்லிக்கொடுத்தவரிடம் அப்படி ஒரு தாளை நீட்டியது எனக்குப் பெரிய வருத்தம். அந்தத் தாளின் படமும் இணைப்பில் உள்ளது.

தமிழில் விளக்குகிற வழிகாட்டி வருவார் என்று உறுதி தந்திருந்தீர்கள். வந்தவர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கதைத்தார். அதனால் தங்கச்சி பயணம் முழுக்க அம்மாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள், அவள் வடிவாக ஒன்றும் பார்க்கவில்லை.

சிங்கராஜாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் உரிய கட்டணத்தை எங்கள் நால்வருக்கும் முழுதாகத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். கூடு கட்டும் காலத்தில் பதிவுக் குரல் போடுவதும், பறவைக் கூட்டத்தின் மேல் ட்ரோன் விடுவதும் உங்கள் சுற்றுலாக்களில் இனி நடக்காது என்று எழுத்தில் தாருங்கள். எனக்கு அது காசை விட முக்கியம். வங்காலையில் எடுத்த ட்ரோன் காணொளியை உங்கள் முகநூல் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருக்கிறீர்கள். கரையில் நிற்கும் அம்மாவின் முகம் அதில் தெரிகிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதை உடனே நீக்குங்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கட்டணம் தொடர்பாகப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும், வழிகாட்டி தொடர்பாக இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடமும், வங்காலையில் நடந்தது தொடர்பாக வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் முறைப்பாடு செய்வேன். பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், பறவைப் பட்டியல் மூன்றின் பிரதிகளும் இத்துடன் உள்ளன. வங்கிக் கணக்கு விபரம் பதிவுப் படிவத்தில் கொடுத்ததுதான், மாறவில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
குடும்பத்தினர் சார்பில் பயணி